முதலில் டக், பிறகு குத்து

காலை ஏழரைக்கு அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் கதவு திறந்தது. முதலில் ஒரு துடைப்பம் உள்ளே வந்தது. அதைப் பிடித்திருந்த பெண் பின்னால் வந்தாள்.

"மாடிப்படியை நேத்தே பெருக்கியாச்சே," என்றான் குண்டூசி, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

"பெருக்க வரல. உங்க அண்ணியைப் பாக்கணும். கேஸ் கொடுக்க வந்திருக்கேன்."

பாதி பிஸ்கட் முறிந்து டீயில் மூழ்கியது.

ஆள் ஒல்லி, தலை பெரிது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் குண்டூசி என்று பெயர் விழுந்ததற்கு அதுதான் காரணம். ஊசியைக் கண்டால் அவனுக்கு உயிரே போய்விடும் என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது. படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை தேடினான். கடைசியில் அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன் ஆனான். அண்ணனுக்கு வாய்த்தது மனைவி, தம்பிக்கு வாய்த்தது முதலாளி. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை, மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலியில் ஆள் உட்கார்ந்து பத்து நாளாகியிருந்தது.

துடைப்பக்காரப் பெண் அதில் உட்கார்ந்தாள். அண்ணி பேனாவை மூடி வைத்தாள். பேனாவை மூடினால் காதைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"இங்கே படி பெருக்கிட்டு, தெருமுனை ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போறேன்ல, நேத்து அங்கே பதினொன்றரை மணிக்கு, ரத்தம் எடுக்கற ரெண்டாம் நாற்காலிக் குப்பைப் பையைக் கட்டித் தூக்கினேன். பை கால்ல உரசுச்சு. சுருக்னுச்சு. பாத்தா கெண்டைக்கால்ல ஊசி நிக்குது."

குண்டூசி டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவன் கெண்டைக்காலும் வலிப்பது போலிருந்தது.

"ஊசியைக் குப்பையிலயா போடுவாங்க?" என்றாள் அண்ணி.

"போடக் கூடாது. அதுக்குன்னு கெட்டியான பெட்டி இருக்கு. ஆறு மாசமா அங்கே புது ஊசி வேற. ரோஸ் கலர்ல ஒரு மடக்கு மூடி ஊசியோட ஒட்டியே இருக்கும். ரத்தம் எடுத்ததும் கட்டைவிரலால அதை அழுத்தினா டக்னு ஊசி மேல மூடிக்கும். அப்புறம் யாரையும் குத்தாது. என்னைக் குத்தின ஊசில அந்த மடக்கு இல்ல. பிச்சு எடுத்திருக்காங்க."

"யாரு?"

அந்தப் பெண் அண்ணியை நேராகப் பார்த்தாள். "நீங்களும் அதையே கேக்கறீங்க. நேத்துலேருந்து யார் தப்பு, யார் தப்புன்னுதான் பேச்சு. யார் ரத்தம்னு ஒருத்தர் வாயிலேருந்தும் வரல. குத்துப்பட்டது என் காலு."

அண்ணிக்கு யாரும் அப்படிச் சூடு வைத்து நாளாகிறது. "சொல்லு தங்கச்சி," என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அந்த ரத்தத்துலேருந்து நோய் தொத்திக்காம இருக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு. இருபத்தெட்டு நாள் போடணும். அது யார் ரத்தம்னு தெரிஞ்சு, டெஸ்ட் பண்ணி, ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா நிறுத்திடலாம். தெரியற வரைக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்காதேன்னுட்டாரு. எனக்கு அஞ்சு மாசத்துப் பையன். புட்டியை வாயில வெச்சா மூஞ்சியைத் திருப்பிக்கறான். ராத்திரியெல்லாம் அவன் ஒரு பக்கம் கத்தறான், நான் ஒரு பக்கம் பாலைப் பீச்சிக் கொட்டறேன்."

குண்டூசியின் வாயில் எப்போதும் ஒரு ஜோக் தயாராக நிற்கும். இப்போது அந்த வாசலில் யாரும் இல்லை.

"குப்பைப் பையை எத்தனை மணிக்கு மாத்தினே?" என்றாள் அண்ணி.

"பத்து மணிக்கு. புதுப் பை போட்டதே நான்தான்."

"பத்துலேருந்து பதினொன்றரைக்குள்ள அந்த நாற்காலியில எத்தனை பேர்?"

"ஒன்பது. அத்தனை பேரையும் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணுங்கன்னு கேட்டேன். ஒன்பது கஸ்டமரைக் கூப்பிட்டு உனக்கு நோய் இருக்கான்னு கேட்டா லேபை இழுத்து மூட வேண்டியதுதான்னு லேப் சீஃப் சொல்லிட்டாரு. இவர்தான்னு ஒருத்தரைக் காட்டினா கேட்டுப் பாக்கறேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. லேப் அவங்களோடதுதான். ரெண்டாம் நாற்காலியில ரத்தம் எடுக்கற பொண்ணை இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு விசாரிச்சு வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. அவ போயிட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு எல்லாரும் கையைக் கழுவிடுவாங்க. அப்புறம் என் பேச்சு எங்கே எடுபடும்?"

அண்ணி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "குண்டூசி, சட்டைக் கையை மடக்கு."

"எதுக்கு அண்ணி?"

"உன் உடம்புல ரத்தம் இருக்கான்னு பாக்கப் போறோம்."

"அதுக்கு லேப் எதுக்கு? டார்ச் அடிச்சா இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தெரியும்."

"அந்த ஊசி என்ன சத்தம் போடுதுன்னு எனக்குத் தெரியணும். நட."

லேபின் காத்திருக்கும் கூடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு போஸ்டர் முறைத்தது. 'டக் சத்தம் கேட்கும் வரை விடாதே' என்றது ஒன்று. 'ரத்தம் எடுப்பவர் கையில் மோதிரம், வளையல், கடிகாரம் கூடாது. கையுறை கிழியும்' என்றது இன்னொன்று. இரண்டின் கீழும் தலைமை டெக்னீஷியன் என்ற கையெழுத்து. லேபில் அவரை முகத்துக்கு நேரே சீஃப் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஒரே குத்து' என்பார்கள். எப்பேர்ப்பட்ட நரம்பும் அவருக்கு முதல் குத்திலேயே சிக்கிவிடும். முப்பது வருஷத்தில் இரண்டாவது குத்தே கிடையாதாம். புது ஊசியை வாங்க வைத்ததும் அவர்தான்.

அவரே அப்போது கூடத்துக்கு வந்தார். இழுத்துச் சீவிய தலை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒன்பதரை ஆயிருச்சு, இன்னும் டோக்கன் பத்துலயே நிக்குதா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனார்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபத்து நாலு காட்டியது. மேலே இருப்பவர்களுக்கு மணி எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிடும் போலும் என்று குண்டூசி நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாற்காலியில் இன்னும் அந்தப் பெண்தான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். தண்டனை பன்னிரண்டு மணிக்குத்தானே. அதுவரை ஆள் பற்றாக்குறை. வேலையை விட்டுத் தூக்கப்போகிற ஆளிடமே அன்றைய வேலையையும் வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லா முதலாளிகளுக்கும் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது.

இடது கைக்காரி. அவன் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். "பயமா?"

"பயமில்ல. மரியாதை. ஊசியைப் பாத்தா எழுந்து ஓடற அளவுக்கு மரியாதை."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. எல்லாரும் அப்படித்தான்."

திரும்பினான். அங்கே ஒரு தாங்கியில் எட்டுப் பத்து காலி டியூப்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் லேபிள். ஒவ்வொரு லேபிளின் மூலையிலும் பச்சை மையில் ஒரே கையெழுத்து. பயத்தில் வாய் தன்பாட்டுக்கு ஓடியது. "என்னங்க இது, உள்ளே ரத்தமே வரல, அதுக்குள்ள கையெழுத்தா? எங்க வாத்தியார்கூடப் பரீட்சை எழுதினப்புறம்தான் மார்க் போடுவார்."

அவள் கை ஒரு நொடி நின்றது. "கையைத் தளர விடுங்க," என்றாள்.

சுருக். கொஞ்ச நேரம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. பிறகு, டக்.

ரோஸ் நிற மடக்கு ஊசியின் மேல் பூட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கெட்டிப் பெட்டிக்குள் போட்டாள். பஞ்சும் கையுறையும் மட்டும் நாற்காலிக்கு அடியிலிருந்த பைக்குப் போயின.

பக்கத்தில் நின்ற அண்ணி கேட்டாள். "இந்த மடக்கு இடது கைக்குத் தோதா இருக்கா?"

"இல்ல. கட்டைவிரலை வளைச்சுத்தான் அழுத்தணும். வேற ஊசி வந்திருக்கு, பட்டனை அழுத்தினா ஊசியே உள்ளே போய் ஒளிஞ்சுக்கும், பிச்சு எடுக்க வெளியே ஒண்ணும் இருக்காது, அதை வாங்குங்கன்னு எழுதிக் கொடுத்தேன். மனுஷங்க மறப்பாங்க, ஊசி மறக்கக் கூடாதுன்னு எழுதினேன்." அவள் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாருன்னு புரியுது. அந்த லெட்டர்தான் இப்ப எனக்கு எதிரா சாட்சி. மடக்கு பிடிக்காதவதானே பிச்சிருப்பான்னு சொல்றாங்க."

"நீ பிச்சியா?"

"இல்ல."

"வேற யாரு?"

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

கூடத்துக்குத் திரும்பியதும் குண்டூசி பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னான். "அவளுக்குத் தெரியும் அண்ணி. ஆனா வாயில பூட்டு."

"சாவியை வெளியே தேடுவோம். நேத்து ரத்தம் கொடுத்தவங்க இன்னிக்குப் பத்து மணிக்கு ரிப்போர்ட் வாங்க வருவாங்க. கையில சீட்டு வெச்சிருப்பாங்க. அதுல நாற்காலி நம்பரும் நேரமும் இருக்கும்."

"வந்து என்ன பிரயோஜனம்? எல்லாரும் என்னை மாதிரி அந்தப் பக்கம் திரும்பினவங்கதானே? ஊர் முழுக்கச் சாட்சி, ஒருத்தருக்கும் கண்ணில்ல."

"கண்ணை மூடிக்கலாம்டா. காதுக்கு ஏது இமை?"

பத்து மணிக்கு வந்தார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பள்ளி ஆசிரியை ஒருவர் போஸ்டரில் பிழை தேடினாராம், கிடைக்காததில் வருத்தமாம். கல்யாணத்துக்கு முன் ரத்தம் காட்ட வந்த பெண், வரப்போகும் மாமியாரின் முகத்தையே பார்த்தாளாம். "ஊசியே தேவலாம்னு இருந்துச்சு," என்றாள். ஒரு லாரி டிரைவர் எதையுமே பார்க்கவில்லை, மயங்கிவிட்டார். குண்டூசி எழுந்துபோய் அவருக்குக் கை கொடுத்துவிட்டு வந்தான். மயங்கிய டிரைவரைத் தவிர எல்லாருக்கும் சத்தம் மட்டும் நினைவிருந்தது. முதலில் குத்து, பிறகு டக்.

ஐந்தாவதாக வந்தவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். வலது கண்ணைச் சுற்றி லென்ஸ் அழுத்திய வட்டம். முழங்கை மடிப்பில் மூன்று பஞ்சு ஒட்டிய தடம்.

"மூணு குத்து," என்றார். "என் நரம்பு ஓடிப் போற நரம்பு. குத்து, டக். கிடைக்கல. குத்து, டக். கிடைக்கல. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு எழுந்து போச்சு. மூணாவது தடவை பூ மாதிரி இறங்குச்சு. ஆனா அது மட்டும் தலைகீழ்."

அண்ணி முன்னால் நகர்ந்தாள். "என்ன தலைகீழ்?"

"முதல்ல டக், பிறகு குத்து. அதுவும் வேற டக். பூட்டற சத்தம் இல்ல, பிளாஸ்டிக் முறியற சத்தம். குத்தினதுக்கு அப்புறம் ஒண்ணுமே கேக்கல."

குண்டூசிக்குப் பஞ்சைப் பிடித்திருந்த விரல் நழுவியது. குத்துவதற்கு முன்பே மடக்கைப் பிய்த்தாகிவிட்டது. ரத்தம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் நேரமும் இருந்தது.

"மூணாவது குத்தினது யாருங்க?" என்றான்.

"நான் கண்ணைத் திறக்கலையே. திறந்தா உங்க மேல வாந்தி எடுத்திருப்பேன்."

"ஏதாவது பேசினாங்களா?"

"ஒரு வார்த்தை இல்ல. ஆனா முழங்கைப் பக்கத்துல ஒரு கைக்கடிகாரம் பேசிக்கிட்டே இருந்துச்சு."

குண்டூசி போஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். கடிகாரம் கூடாது. "என்ன பேசிச்சு?"

"என்னைத் திறந்து பாருன்னு. சாவி கொடுக்கற பழைய கடிகாரம். உள்ளே மயிரிழை மாதிரி இருக்கற ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. ஓட்டம் பிடிச்சிருக்கு. இன்னிக்குச் சரி பண்ணினா நாளைக்கு அஞ்சாறு நிமிஷம் முந்தி நிக்கும். கொண்டுவரச் சொல்லுங்க, சரி பண்ணித் தரேன்."

அண்ணி அவரிடம் பால்குடிப் பிள்ளையின் கதையைச் சொன்னாள். அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார், வீட்டுக்குப் போகவில்லை.

டாக்டரம்மாவின் அறையில் ஆறு நாற்காலி. துடைப்பக்காரப் பெண் உட்காரவில்லை. "இவங்க என் பக்கத்து ஆளுங்க," என்று அண்ணியையும் குண்டூசியையும் கடிகாரக்காரரையும் காட்டினாள். டாக்டரம்மா தலையசைத்தார். ரத்தம் எடுக்கும் பெண் மேசைக்கு எதிரே நின்றாள். அவளுடைய லெட்டர் மேசையில் கிடந்தது.

சீஃப் மணிக்கட்டைத் திருப்பினார். "பன்னிரண்டு ஆயிருச்சு. ஆரம்பிக்கலாம்."

அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று ஐம்பத்து நாலு காட்டியது.

குண்டூசியின் முதுகில் ஓர் எறும்பு ஏறியது. கழுத்துவரை வந்ததும் அது கடித்தது. அண்ணியைப் பார்த்தான். அண்ணி காலையிலேயே பார்த்து வைத்திருந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"சீஃப் சார்," என்றான், "சுவத்துல இன்னும் பன்னிரண்டு ஆகலையே."

"அது லேட்."

"என் போனும் லேட். டாக்டரம்மா போனும் லேட்டாத்தான் இருக்கும். இந்த ரூம்லயே முந்தி வந்தது உங்க கை ஒண்ணுதான் சார்."

கடிகாரக்காரர் அதற்குள் எழுந்து சீஃபின் பக்கத்தில் போயிருந்தார். சீஃபின் மணிக்கட்டருகே குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இதே குரல்," என்றார்.

முதலில் பேசியது சீஃப் அல்ல, ரத்தம் எடுக்கும் பெண். ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்த குழாய் திறந்தது போலப் பேசினாள். "ரெண்டு குத்துலயும் நரம்பு கிடைக்கலன்னு இவரைக் கூப்பிட்டது நான்தான். நான் பஞ்சு எடுக்கப் போனேன், வந்து பாக்கறதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிட்டாரு. யார் ரத்தம் எடுக்கறாங்களோ அவங்கதான் லேபிள்ல கையெழுத்துப் போடணும். இவர் போடல. ஏன்னா அதுல ஏற்கெனவே என் கையெழுத்து இருந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு நாற்காலிக்கு நாப்பது டோக்கன் விடறீங்க. கையெழுத்துப் போட நேரமில்லாம காலையிலயே எல்லாத்துலயும் போட்டு வெச்சிடுவேன். அது தப்பு. அதைச் சொன்னா அதுக்குத் தூக்குவீங்க. சொல்லாட்டா இதுக்குத் தூக்குவீங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி. நான் வாயை மூடிக்கிட்டேன்." துடைப்பக்காரப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "அதுல உன்னை மறந்துட்டேன். அது என் தப்புதான்."

"சார்?" என்றார் டாக்டரம்மா.

சீஃப் கடிகாரத்தைக் கழற்றினார். கழற்றிய இடம் வெளுத்திருந்தது. "அந்த மடக்கு ஊசி முனையை மறைக்குது," என்றார். "முன்ன மாதிரி கண்ணு இல்ல. பிச்சிட்டா முனை தெரியுது. அப்புறம் பழைய பழக்கத்துல உறையைத் திரும்ப மாட்டித்தான் பஞ்சோட போட்டேன். உறை மாட்டின ஊசி குத்தாதுன்னு... முப்பது வருஷம் அப்படித்தான் போட்டோம். பைக்குள்ள உறை கழண்டிருக்கு. சாயந்தரம்தான் புரிஞ்சுது."

"சாயந்தரமே புரிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

அவர் கழற்றிய கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"கண்ணாடி போட்டிருக்கலாமே," என்றார் டாக்டரம்மா.

"ஒரே குத்துன்னு பேர் வாங்கினவன் கண்ணாடி போட்டுக்கிட்டு..."

"சார்." துடைப்பக்காரப் பெண்ணின் குரல் உயரவில்லை. "உங்க கண்ணு சரியில்லாததுக்கு என் காலு என்ன சார் பண்ணும்? என் பிள்ளை வயிறு என்ன பண்ணும்?"

கடிகாரக்காரர் சட்டைக் கையை மடித்தார்.

"யார் ரத்தம்னுதானே கேள்வி? என்னோடதுதான். டெஸ்ட் பண்ணுங்க. இந்தப் பொண்ணே எடுக்கட்டும், மூணு குத்தானாலும் பரவாயில்ல."

இரண்டாம் நாற்காலியில் அவர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் கையெழுத்தில்லாத லேபிள் ஒட்டிய டியூபை எடுத்தாள். குண்டூசி இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசி இறங்குவதையும் டியூபில் சிவப்பு ஏறுவதையும் பார்த்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். டக். அதற்குப் பிறகுதான் அவள் பச்சைப் பேனாவைத் திறந்தாள்.

"ஒரே குத்து," என்றார் கடிகாரக்காரர், கண்ணை மூடியபடியே.

உடனடிச் சோதனைக்கு இருபது நிமிஷம். துடைப்பக்காரப் பெண் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. அண்ணி தன் துப்பட்டாவை எடுத்து ஒன்றும் சொல்லாமல் அவள் தோளில் போர்த்தினாள். பத்தொன்பதாவது நிமிஷம் டாக்டரம்மா காதில் போனோடு வெளியே வந்தார். மாத்திரை கொடுத்த டாக்டர் மறுமுனையில் இருந்தார்.

"எதுவும் இல்ல. மாத்திரையை நிறுத்திடலாமாம். பாலும்..."

அவர் வாக்கியத்தை முடிக்கக் கேட்பதற்கு ஆள் இல்லை. படியில் காலடிச் சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. துடைப்பம் சுவரில் சாய்ந்து கிடந்தது. இரண்டாம் நாற்காலிக்கு அடியில் அன்றைய குப்பைப் பை கட்டப்படாமல் இருந்தது.

டாக்டரம்மா தன் அறை மேசை மேல் கிடந்த லெட்டரை மறுபடி எடுத்து, இந்தத் தடவை கடைசி வரி வரை படித்தார். "அந்த உள்ளே போற ஊசி எங்கே கிடைக்கும்னு எழுதிக் கொடும்மா. டோக்கனும் இருபத்தஞ்சுக்கு மேல வேண்டாம். வேலைக்கு நாளைக்கு வா," என்றார் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம். பிறகு ஒரு ஜோடி கெட்டிக் கையுறையை எடுத்துச் சீஃபிடம் நீட்டினார். "பையைக் கட்டுங்க சார். உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

சீஃப் பையின் முன்னால் குந்தினார். முடிச்சில் கை வைத்தவர் நிறுத்தினார். கோட்டின் உள்பையிலிருந்து, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பைக்குள் நன்றாகப் பார்த்தார். அதன் பிறகுதான் கட்டினார், உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தபடி தூக்கினார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்குத் துடைப்பக்காரப் பெண் அலுவலகப் படியேறி வந்தாள். குண்டூசி லேபிலிருந்து எடுத்து வந்திருந்த துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தான்.

"முக்கால் மணி நேரம் லேட்டு," என்றான்.

அந்தப் பெண் துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணில் தூக்கம் சொக்கியது, முகத்தில் சிரிப்பு.

"பையன் விடல," என்றாள்.